வான்கோ படத்துக்குப் பக்கத்தில் ஒரு குயவரின் பானை: நம் செட்டிநாட்டுச் சாமான்களை எப்படி வைப்பது?

பள்ளத்தூரான்

நியூயார்க்கில் இருக்கும் நவீனக் கலை அருங்காட்சியகத்தை மோமா என்பார்கள். 1929இல் தொடங்கியது. அதை 2019 அக்டோபர் 21 அன்று புதுக் கட்டடப் பகுதியையும் சேர்த்து மறுபடி திறந்தார்கள். செலவு 45 கோடி டாலர், காட்சிக்கான இடம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. மகள் நியூ ஜெர்சியில் இருப்பதால் அந்த டிசம்பரில் போய்ப் பார்க்க எனக்கு வாய்த்தது.

புதுக் கட்டடத்தைவிட, உள்ளே பழைய பொருட்களை அவர்கள் மாற்றி வைத்த விதம்தான் இன்றும் மனதில் நிற்கிறது. முன்பெல்லாம் ஓவியத்துக்கு ஒரு தளம், புகைப்படத்துக்கு ஒரு பக்கம், நாற்காலி விளக்கு மாதிரியான வடிவமைப்புப் பொருட்களுக்கு வேறு பக்கம் என்று துறை துறையாகப் பிரித்து வைத்திருந்தார்களாம். இப்போது எல்லாம் கலந்து இருக்கிறது. ஐந்தாம் தளத்தில் 1880கள் முதல் 1940கள் வரை, நான்காம் தளத்தில் 1970கள் வரை, இரண்டாம் தளத்தில் அதற்குப் பிறகு. காலம் வரிசையாகத்தான் போகிறது, ஆனால் ஓர் அறைக்குள் எது வேண்டுமானாலும் இருக்கும்.

ஐந்தாம் தளத்தில் வான்கோ 1889இல் வரைந்த 'நட்சத்திர இரவு'. கூட்டமெல்லாம் அதன் முன்னால் செல்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதே அறையில் சில மண்பாத்திரங்கள். ஒன்றுக்கு வாய் கசங்கியிருக்கிறது, ஒன்று இடுப்பில் முறுக்கி நிற்கிறது, சுவர் அப்பளம் மாதிரி மெல்லிசு. மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சி ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஓர் என்ற குயவர் செய்தவை. வான்கோ காலத்து மனிதர், 1918இல் இறந்தவர். அந்தப் பானைகளின் நெளிவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வான்கோவின் வானத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள் என்று பட்டது.

நமக்கு எப்போது இந்த எண்ணம் வரும்? நம் பக்கத்துப் பொருட்களை எங்கே வைத்தாலும், தஞ்சாவூர் ஓவியமும் ரவிவர்மா அச்சுப் படமும் 'கலை' என்று முன் அறையில் இருக்கும். கொட்டான் என்கிற ஓலைக் கூடை, தடுக்கு என்கிற ஓலைப் பாய், மங்கு என்கிற பீங்கான் சாமான் எல்லாம் 'கைவினை' என்று பின்கட்டுக்குப் போய்விடும். செட்டிநாட்டுக்கென்று ஒழுங்கான ஓர் அருங்காட்சியகம் அமைந்தால் மோமா மாதிரி கலந்துதான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்

ஐயா, நான் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நிரந்தரத் தொகுப்பு என்றால் எப்போது போனாலும் அந்தப் பொருள் அங்கே இருக்க வேண்டும், வைத்த இடத்தில் இருக்க வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அங்கே திருவாலங்காட்டு நடராசர் முன்னால் என் மாணவர்களை உட்காரவைத்து வரையச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆண்டு வேறு மாணவர்களோடு போனாலும் அதே நடராசர். பல்லவர் காலத்துச் செப்புச் சிலை, சோழர் காலத்துச் சிலை, விஜயநகரக் காலத்துச் சிலை என்று தொடர்ந்து பார்க்கிற பையனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். மூக்கு கூர்மையாகிறது, உடம்பின் இளக்கம் குறைந்து விறைப்பு வருகிறது, நகை கூடுகிறது. கண்ணே கற்றுக்கொள்ளும். நடுவில் ஒரு பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து வைத்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

மோமாவில் என்ன செய்தார்கள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு அறைகளை மாற்றுவோம் என்று திறக்கும்போதே அறிவித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது நல்லது. காசு சேர்த்து வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை போகிறவர், அவர் தேடிப்போன படம் கிடங்கில் இருந்தால் என்ன செய்வார்? அன்றைக்கு நுழைவுச் சீட்டு 25 டாலர், 2023இலிருந்து 30 டாலர்.

இன்னொன்று. பிக்காசோ 1907இல் வரைந்த 'அவிஞ்ஞோன் பெண்கள்' படத்தின் அறையில், ஃபெய்த் ரிங்கோல்ட் என்ற கறுப்பினப் பெண் ஓவியர் 1967இல் வரைந்த பெரிய படத்தை மாட்டினார்கள். நடுவில் 60 ஆண்டு இடைவெளி. நீங்கள் சொல்லும் கால வரிசையை அவர்களே மீறிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர் ரசிப்பார். முதல்முறை வருகிற பள்ளிப் பிள்ளை குழம்பித்தான் போகும்.

பள்ளத்தூரான்

வாத்தியார் சார், ரிங்கோல்ட் படத்தை நான் நேரில் பார்த்தேன். வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் நல்ல உடுப்பு உடுத்தி, ரத்தம் தெறிக்க ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பையனும் ஒரு கறுப்புச் சிறுமியும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒடுங்கியிருக்கிறார்கள். சுவர் நீளத்துக்கு இருக்கிறது, பன்னிரண்டு அடி. அந்த அம்மாள் இளவயதில் இதே மோமாவுக்கு வந்துதான் பிக்காசோவின் 'குவெர்னிகா'வைப் பார்த்துப் படித்தார். 1981இல் ஸ்பெயினுக்குப் போகும்வரை அது அங்கேதான் இருந்தது. ஆக, குருவின் அறையில் சிஷ்யையின் படத்தை மாட்டியிருக்கிறார்கள். இதைவிட என்ன தொடர்ச்சி வேண்டும்? பிள்ளைகள் குழம்புவார்கள் என்கிறீர்கள். எனக்கு வரலாறு தெரியாது, பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எனக்கே புரிந்ததே.

கல்லுக்கட்டிக் கடைக்காரன்

நான் காரைக்குடியில் பழஞ்சாமான் வியாபாரத்தில் இருக்கிறேன். முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளை வெளியூர்க்காரர்கள்கூட அறிவார்கள். பள்ளத்தூர் அண்ணன் அந்தக் குயவர் பெயரைச் சொன்னதும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் ஜார்ஜ் ஓரின் கதையில் எங்கள் தொழில் இருக்கிறது.

அவர் செய்த பானைகளை உயிரோடு இருந்தபோது வாங்க ஆள் அதிகம் இல்லை. அவரும் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தார். செத்த பிறகு ஆயிரக்கணக்கான பானைகள் மகன்களின் கார் பழுதுபார்க்கும் இடத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1970களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு பழம்பொருள் வியாபாரி மொத்தமாக வாங்கினார். அதன் பிறகுதான் உலகத்துக்கு ஜார்ஜ் ஓர் யாரென்று தெரிந்தது. வியாபாரி என்றாலே வீட்டைக் காலி செய்பவன் என்று எங்களைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் கவனியுங்கள், அவை மொத்தமாக இருந்தன. ஒரே கையில் பிறந்த பொருட்கள் ஒரே இடத்தில் கிடந்ததால்தான் அவரை ஒரு கலைஞராகப் பார்க்க முடிந்தது. நம் பக்கம் அப்படி இல்லை. ஒரு வீட்டைப் பிரிக்கும்போது நிலை ஒருவருக்கு, கதவு ஒருவருக்கு, தூண் ஓர் ஓட்டலுக்கு, பெல்ஜியம் கண்ணாடி இன்னொருவருக்கு. கடைக்கு வருகிற அண்டாவில் விலாசம் வெட்டியிருக்கும், அதாவது வீட்டுக்காரரைக் குறிக்கும் மூன்று நான்கு எழுத்து. எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டால் கொண்டுவந்தவருக்கே தெரியாது. முதலில் எது எங்கிருந்து வந்தது என்று தெரியட்டும். கலப்பதா பிரிப்பதா என்பது அதற்குப் பிறகுதான்.

கொத்தமங்கலம் ஆச்சி

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் இந்தச் சாமான்கள் வீட்டில் எப்படி இருந்தன என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி, கோயிலுக்கு வரி கட்டுவதும் புள்ளிக் கணக்கில்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. அதற்குள் இருப்பது அந்தப் பெண் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர். எங்கள் அப்பத்தா அறையில் வெள்ளிக் குத்துவிளக்கும் இருந்தது, மணி கோத்த கொட்டானும் இருந்தது, ஸ்வீடன் எனாமல் தூக்கும் இருந்தது, பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டியும் இருந்தது. எதிர் அறை சின்ன அப்பத்தாவுடையது. அங்கேயும் இதே மாதிரி, ஆனால் எல்லாவற்றிலும் வேறு விலாசம். ஒரு கரண்டி இடம் மாறினாலும் எழுத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

வாத்தியார் சொல்கிற மாதிரி வகை பிரித்து வைப்பதும் எங்களிடம் உண்டு. கல்யாணத்தில் சாமான் பரப்புவோம் அல்லவா, அன்றைக்கு வெள்ளி ஒரு வரிசை, பித்தளை ஒரு வரிசை, எவர்சில்வர், மங்கு, எனாமல், மரச்சாமான், பாய், தடுக்கு, விளக்குமாறு வரைக்கும் தனித்தனியாகப் பரப்பியிருக்கும். வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அது முடிந்ததும் எல்லாம் ஒரே அறைக்குள் போய்விடும், அந்தப் பெண்ணின் பேரில்.

எனக்கு வேண்டியது அந்த அறை. இந்தப் பொருட்கள் எல்லாம் இந்தப் பெண்ணுடையவை, இந்த ஆண்டில் இவளோடு வந்தன, இவள் இப்படி ஆண்டாள் என்று ஓர் அறை. காலத்தை வைத்தும் பிரிக்க வேண்டாம், பொருளை வைத்தும் பிரிக்க வேண்டாம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன ஆண்களின் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். வீட்டில் இருந்து ஆண்டவளுக்கு மிச்சம் இந்தச் சாமான்தான். அதையும் கலைத்துப்போட்டு, பார்க்க அழகாக இருக்கிறது என்று ரவிவர்மா படத்துக்குப் பக்கத்தில் கொட்டானை வைப்பதா?

பள்ளத்தூரான்

ஆச்சி, அந்த அறையிலேயே எல்லாம் கலந்துதானே இருக்கிறது? நான் கேட்டதும் அதைத்தான்.

கொத்தமங்கலம் ஆச்சி

இல்லை தம்பி. அங்கே வான்கோவும் அந்தக் குயவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை, கண்டெடுத்துச் சேர்த்து வைத்தவர் வேறொருவர். எங்கள் அப்பத்தா அறையைச் சேர்த்தவள் அப்பத்தாவே. இரண்டும் ஒன்றாகாது.

புதுவயல் பொறியாளர்

வணக்கம். கட்டடத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை, அதனால் நான் உள்ளே வருகிறேன்.

மோமா விரிந்த கதையில் ஒரு வலி இருக்கிறது. பக்கத்து மனையில் அமெரிக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் இருந்தது. 2001இல் திறந்த கட்டடம். முகப்பு முழுக்க ஊற்றி வார்த்த வெண்கலக் கலவைத் தகடுகள், ஒன்று போல ஒன்று இருக்காது. கடன் சுமையில் 2011இல் அதை மோமாவுக்கு விற்றார்கள். கட்டடக் கலைஞர்கள் எவ்வளவோ எதிர்ப்புத் தெரிவித்தும் 2014இல் இடித்துவிட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகூட நிற்கவில்லை. நாட்டுப்புறக் கலைக்காக எழுப்பிய வீட்டை இடித்த நிலத்தில்தான் இன்று குயவரின் பானையைக் கொண்டாடுகிற இந்த விரிவு நிற்கிறது. பள்ளத்தூர் அண்ணன் இதையும் மனதில் வைத்துப் பேச வேண்டும்.

செட்டிநாட்டு வணிகர் ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் இருப்பது ஊர்களும் வீடுகளும். பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்ப் புதுக் கட்டடத்தில் வைத்தால் வீடு வெறும் ஓடு. நம் மாவட்டத்திலேயே கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது, 2023 மார்ச்சில் திறந்தது. அதைச் செட்டிநாட்டு பாணியில் கட்டினார்கள், முற்றம், தூண், சாய்ந்த ஓட்டுக்கூரை எல்லாம் வைத்து. பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. கீழடிப் பொருட்கள் மண்ணுக்கு அடியில் இருந்தவை, அவற்றுக்கு ஒரு புது வீடு வேண்டும், சரி. நம் சாமான்களுக்கு வீடு ஏற்கெனவே இருக்கிறது. ஓடு மாற்றி, சுண்ணாம்புப் பூச்சில் விட்ட விரிசலை அடைத்தால் போதும்.

வாத்தியார் சாருக்கு ஒரு தொழில்நுட்ப விஷயம். மாற்றி மாற்றி வைப்பது சிலவற்றுக்குக் கட்டாயம். துணி, காகிதம், சாயம் இவற்றின் மேல் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விழக் கூடாது என்பது அருங்காட்சியக நடைமுறை. அந்த அளவிலும் தொடர்ந்து வைத்தால் நிறம் போய்க்கொண்டே இருக்கும். கண்டாங்கிச் சேலையையும் ரவிவர்மா அச்சுப் படத்தையும் ஆண்டுக்கணக்கில் ஒரே சுவரில் வைக்க முடியாது. எழும்பூரில் நடராசர் அசையாமல் நிற்கிறார் என்றால் அவர் செம்பு.

தேவகோட்டை வாத்தியார்

வெளிச்சக் கணக்கு சரிதான், சேலைக்கும் காகிதத்துக்கும் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாவற்றையும் சுழற்ற வேண்டியதில்லை. மோமாவே மோனேயின் அல்லிக்குளப் படங்களுக்குத் தனி அறை கொடுத்து வைத்திருக்கிறது. சில பொருட்கள் மற்றவற்றோடு சேராமல் தனியாக நிற்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஆச்சிக்கு ஒரு கேள்வி, மரியாதையோடு கேட்கிறேன். புள்ளி அறை உங்களுக்கு ஒரு வாழ்க்கை. மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு அது இன்னொரு பணக்கார வீடு. கொட்டானைப் பின்னியவர் யார், தூணைக் கடைந்தவர் யார் என்று அந்த அறை சொல்லுமா? பொருளை வகையாகப் பிரித்து, தொழிலை விளக்கி வைத்தால்தான் செய்தவர் கைக்கு மதிப்பு வரும்.

ஆத்தங்குடிக்காரன்

வாத்தியார் சார் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிறோம்.

ஒரு கண்ணாடிப் பலகை. அதன்மேல் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் பச்சை சிவப்போடு கலந்துவிடும். அப்புறம் அச்சை நேராக மேலே தூக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் இதழ் இழுபட்டுப்போகும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, சாந்து போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். அந்தப் பளபளப்பு கண்ணாடியின் முகம். சூளை கிடையாது. எங்கள் அப்பா போட்ட கல்லை நான் ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், அவர் மஞ்சளைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவார்.

இப்போது நீங்கள் எல்லோரும் சொல்கிற அருங்காட்சியகத்தில் எங்கள் கல் எங்கே இருக்கும்? தரையில். பள்ளத்தூர் அண்ணன் வழியிலும் தரையில், ஆச்சி வழியிலும் தரையில். வந்தவர்கள் அதன்மேல் நின்றுகொண்டு சுவரைப் பார்ப்பார்கள். ஜார்ஜ் ஓர் தன் பானையில் தன் பெயரைப் போட்டார். அண்டாவில் வாங்கினவர் விலாசம் இருக்கிறது, அடித்தவர் பெயர் கிடையாது. கொட்டானில் எந்தப் பெயரும் கிடையாது. என் ஓட்டு கலந்து வைப்பதற்குத்தான். ஆனால் சீட்டில் செய்தவரையும் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் ஊரையாவது, தொழிலையாவது எழுத வேண்டும்.

கொத்தமங்கலம் ஆச்சி

இது நியாயமான பேச்சு. எங்கள் வீட்டு முகப்பில் ஒரு சரஸ்வதி படம் உண்டு. ரவிவர்மா அச்சுப் படம்தான், கடையில் வாங்கியது. சேலை இருக்கிற இடத்தில் நிஜத் துணியை வெட்டி ஒட்டி, சரிகை வைத்து, நகைக்கெல்லாம் மணியும் ஜிகினாவும் வைத்திருக்கிறது. அதைச் செய்தது யார் என்று அப்பத்தாவிடம் கேட்டதற்கு, வீட்டுக்கு வந்து தைப்பவர் என்று மட்டும் சொன்னார். படத்துக்குக் கீழே ரவிவர்மா என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வாத்தியாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணக்கார வீடு என்கிறீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புள்ளி அறைக்கு ஒரு கணக்கு உண்டு. சீரில் என்னென்ன கொடுத்தது என்று எழுதிய சிட்டை இருக்கும். எத்தனை அண்டா, எத்தனை தடுக்கு, என்ன எடை வெள்ளி, எல்லாம். அந்தச் சிட்டையைச் சுவரில் மாட்டி, அதன் வரிசைப்படி பொருளை வையுங்கள். பக்கத்தில் செய்தவர் ஊரை எழுதுங்கள். பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

கல்லுக்கட்டிக் கடைக்காரன்

ஆச்சி சொன்ன சிட்டைதான் நான் முதலில் கேட்டது. வீட்டைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது அதுதான். சாமானை எடை போட்டு வாங்குகிறோம், காகிதக் கட்டைக் கிணற்றடியில் போட்டு எரித்துவிடுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். கணக்கு நோட்டு, ரங்கூன் கடிதம், சிட்டை எல்லாம் ஒன்றாக எரியும்.

இங்கே படிக்கிறவர்களில் வீடு பிரிக்கிற நிலையில் யாராவது இருந்தால், பங்காளிகள் சேரும் நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். அறையைத் திறந்ததும் ஒரு பொருளையும் வெளியே எடுக்காமல் அப்படியே படம் எடுங்கள். விலாச எழுத்தைக் கிட்டத்தில் எடுங்கள். சிட்டையை ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். விற்பதென்றால் அதன் நகலையும் சாமானோடு கொடுங்கள். என் கடைக்கு வந்தால் வாங்குகிறவர் கைக்கு அது போய்ச்சேரும்.

புதுவயல் பொறியாளர்

அதோடு வீட்டின் தரைப்பட வரைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த அறை எந்தப் புள்ளிக்கு என்று குறித்தால் போதும், அளவுகூட வேண்டாம். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் நிறையப் பேர் என்றால் அருங்காட்சியகமாக்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அது நடக்கிறபோது நடக்கட்டும், வரைவை இப்போதே போட்டு வைக்கலாம்.

தேவகோட்டை வாத்தியார்

படம் எடுப்பதற்கும் சிட்டையைக் காப்பதற்கும் யார் மறுப்பார்கள்? ஓவியம் தெரிந்த என் பழைய மாணவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், வரைவு போட அனுப்புகிறேன்.

ஆனால் வைக்கும் முறையில் நான் சொன்னதிலிருந்து மாறவில்லை. தூண், கதவு, கல், கொட்டான், மங்கு என்று ஒவ்வொன்றுக்கும் அசையாத ஒரு வரிசை வேண்டும். பழையதிலிருந்து புதியது வரை, செய்முறையோடு. ஆத்தங்குடித் தம்பி அப்பா போட்ட கல்லும் அவர் போடுகிற கல்லும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் நிற்கட்டும், தரையில் வேண்டாம். அதைப் பார்த்தால்தான் மஞ்சள் எப்படி மாறியது என்று ஒரு பையன் கண்டுபிடிப்பான். ஆச்சியின் புள்ளி அறையைத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

கொத்தமங்கலம் ஆச்சி

ஒன்று போதாது. எதிரெதிரே இரண்டு வேண்டும். அப்பத்தாவுக்கு ஒன்று, சின்ன அப்பத்தாவுக்கு ஒன்று.